துளசி மாடத்தில் கேசரி

வேண்டாம்மா, நீ தின்னு. ஐயோ, கோவிச்சுக்கிடாத. ரயில்ல யாரு பிஸ்கட் குடுத்தாலும் வாங்காத, மயக்க மருந்து இருக்கும்னு சொல்லுதாவள்லா, அதுக்காக வேண்டாம்னு சொல்லல. ஒன் மூஞ்சியப் பாத்தா மயக்க மருந்து குடுக்குற மூஞ்சியாவா இருக்கு? ஒன்னையவே ரெண்டு பேரு தாங்கிப் புடிக்கணும் போலருக்கு. எனக்கு மருந்து கலக்காத பிஸ்கட்டே ஆள அடிச்சுப் போட்டுரும். அதான் விசயம்.

அந்த மஞ்சக் கவர மடியில இருந்து எறக்கி வையி. திருநெல்வேலியில ஏறுனதுல இருந்து கோழி அடகாக்குற மாதிரி வச்சுக்கிட்டு இருக்க. யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாவ.

கோதுமை எனக்கு ஆகாது. சில பேருக்குக் கத்திரிக்கா ஆகாது, அரிக்கும்பாவ. அந்த ஆகாது இல்ல இது. ஒரு பொட்டு மாவு உள்ள போனாப் போதும், ஒரு வாரம் கக்கூஸ்லதான் குடித்தனம். வெக்கப்படாத, நம்ம ரெண்டு பேருந்தான இருக்கோம். எதுத்தாப்புல இருக்குறவரு தூங்குதாரு. தூங்கலன்னாலும் கேக்கட்டும், அவருக்கு மட்டும் வயிறு இல்லையா?

சீக்குக்குப் பேரு சீலியாக். பேரு தெரியுறதுக்கு முன்னால நாலு வருசம் நான் பட்ட பாடு இருக்கே! ஒடம்புல ரத்தம் இல்ல. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. எங்க மைனி, அண்ணன் பொண்டாட்டி, செய்வினைன்னா. சோசியக்காரன் ராகுன்னான். எங்க அவ்வொ, என் வீட்டுக்காரருதான், 'ஒனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசு'ன்னாவ. ஆனா ஒரு விசயத்துல மட்டும் ஊரே ஒத்துமையாச் சொல்லிச்சு: 'பிரமு, சோத்த விடு. சப்பாத்தி சாப்பிடு, கோதுமக் கஞ்சி குடி, தெம்பு வரும்.' எங்க அவ்வொளுக்குச் சுகர், ராத்திரி சப்பாத்திதான். நானும் பதிவிரதையாக் கூட உக்காந்து சப்பாத்தி தின்னேன். தெம்பு வர வர எலும்பு தெரிஞ்சிது.

கடைசில மதுரைக்குக் கொண்டு போயி, வாய் வழியாக் குழாய விட்டு, கேமராவுல பாத்து, குடல்ல துணுக்கு பிச்சுக் கண்டுபிடிச்சாவ. டாக்டர் சின்னப் பையன். 'அம்மா, இது வடக்க, பஞ்சாப் பக்கந்தான் அதிகம். நம்ம பக்கம் ரொம்ப அபூர்வம்'னு சந்தோசமாச் சொல்லுதான், அவனுக்கு லாட்டரி விழுந்த மாதிரி. 'ஏன் தம்பி, நான் கயத்தாறத் தாண்டுனதே இந்தச் சீக்குக்காகத்தான். பஞ்சாப்காரன் சீக்கு என் வீட்டு வாசல எப்படிக் கண்டுபிடிச்சிது?'ன்னு கேட்டேன். சிரிக்கான். இனிமே சாகுற வரைக்கும் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி ஒண்ணும் கூடாதுன்னு வரிசையாச் சொல்லி முடிச்சுட்டு, 'எந்த ஊரும்மா?'ன்னான். திருநெல்வேலின்னேன். அவன் சிரிப்பு அப்பத்தான் நின்னுது.

பின்ன? எங்க ஊர் அல்வாவே கோதுமப் பால்ல கிண்டுறதுல்லா! என்னப் பாக்க வந்த சொந்தக்காரன் பூராவும் ஆளுக்கு அரக்கிலோ அல்வாவோட வந்தான். எமன் எங்க ஊர்ல எரும மேல வர மாட்டான் கேட்டியா, அல்வாப் பொட்டணத்தோடதான் வருவான்.

சரின்னு வீட்ல தனி அடுப்பு, தனி தோசக்கல்லு வச்சேன். சப்பாத்தி போட்ட கல்லுல எனக்கு தோச ஊத்துனாக்கூட ஆகாதுல்லா. ஆனா மைனி வீட்டு விசேசத்துக்குப் போனா, 'ஏட்டி, பிரமுக்கு அந்தத் தட்டு, அந்த டம்ளர், அதத் தனியா வையி, மத்ததோட சேக்காத'ன்னு எல்லாரு முன்னாலயும் கூப்பாடு போடுவா. எனக்கு அப்படியே கூசிப் போகும். ஒரு மனுசியத் தனி டம்ளர் வச்சு ஒதுக்குனா, அந்தத் தண்ணி தொண்டைல எறங்குமா? நீயே சொல்லு. வீட்டுக்கு வந்து, எங்க வீட்ல வேல பாக்குற மாரியம்மைட்டச் சொல்லி அழுதேன். அவ கொல்லப்பக்கம் உக்காந்து அவ டம்ளர்ல காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தா. 'பழகிரும்மா. மொதப் பத்து வருசந்தான் கஷ்டமா இருக்கும்'னு சொல்லிட்டு டம்ளரக் கழுவிக் கவுத்திட்டுப் போயிட்டா. அவளுக்கு என்ன தெரியும் இந்தச் சீக்கப் பத்தி? எதுக்கு அப்படிச் சொன்னான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

இதுல கொடும என்னன்னா, கோதுமய விட்டும் வயித்து வலி நிக்கல. ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப மதுரை ஆஸ்பத்திரி. கீழ கான்டீன்ல ரெண்டு இட்லி, சாம்பார் வாங்கி உக்காந்தேன். அரிசியும் உளுந்தும், இதுல என்ன வம்புன்னு ஒரு விள்ளல் பிச்சு சாம்பார்ல முக்குதேன். பின்னால ஒரு சத்தம்: 'ஏம்மா! சாம்பாரக் கீழ போடு!'

திருடனப் புடிக்குற சத்தம். எனக்குக் கை ஒதறி, சாம்பார்க் கிண்ணம் எகிறி, கத்துன ஆளு வேட்டி மேலயே கொட்டிட்டு. பெரிய மீசைக்காரரு. வேட்டி பூரா சாம்பார், அதப் பத்திக் கவல இல்ல. 'பெருங்காயம்! பெருங்காயம்!'னு குதிக்காரு. கோட்டி புடிச்ச பைத்தியம் போலன்னு நெனச்சேன். அப்புறந்தான் சொல்லுதாரு, மேசைல கெடந்த என் பத்தியச் சீட்டப் பாத்துட்டாராம், கடைல விக்குற தூள் பெருங்காயத்துல பாதிக்கு மேல கோதும மாவோ மைதாவோ கலந்துருக்குமாம். நம்ம சாம்பார், ரசம், கூட்டு, மோரு எதுல பெருங்காயம் இல்ல? ஆறு மாசமா நான் பத்தியம்னு நெனச்சுக் குடிச்சதே மிளகு ரசந்தான். வெசத்த வடிகட்டிக் குடிச்சுருக்கேன்.

அவருதான் கொம்பையா. போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. ராத்திரி டூட்டில ஓசிப் பரோட்டாவா தின்னு வளத்த ஒடம்பு, அந்தப் பரோட்டாவே திரும்பி நின்னு கேஸ் போட்டுட்டு. பக்கத்து மேசைல ஒருத்தி இதப் பாத்து விழுந்து விழுந்து சிரிக்கா. அவ ஜுலைகா. மேலப்பாளையம், கலியாண வீடுகளுக்கு பிரியாணி ஆக்குறவ. அவளுக்கும் இதே சீக்கு. சோத்து டப்பாவ என் முன்னால தள்ளி, 'தேங்காச் சோறு, தொவையல். கறி ஆக்காத சட்டி. பெருங்காயம் கெடையாது. தின்னுங்கக்கா'ன்னா.

நான் யாரு? சைவப் பிள்ளைமார் வீட்டுப் பொண்ணு. பக்கத்து வீட்ல முட்ட ஒடைக்குற சத்தம் கேட்டாலே தல குளிக்குற வம்சம். பசி பாத்தியா, ஒரு வாய் அள்ளிப் போட்டேன். பெறவு இன்னொரு வாய். கண்ணுல தண்ணி முட்டிட்டு. ஆறு மாசத்துல பயமில்லாமத் தின்ன மொதச் சோறு அதுதாம்மா. மீசைக்காரரு சாம்பார் வேட்டியோட எதுக்க உக்காந்து, 'தொவையல் கொஞ்சம் மிச்சம் வைங்க'ன்னாரு.

அதுல இருந்து மாசா மாசம் மொத வெள்ளிக்கெழம அந்தக் கான்டீன்ல கூடிருவோம். இப்பப் பத்துப் பன்னெண்டு பேரு வாராவ. கூட்டாளின்னெல்லாம் நெனச்சுராத. எனக்கு எதுக்கு இந்த வயசுல கூட்டாளி? ஒரு பரிதாபந்தான். நான் போகலன்னா அதுகளுக்கு யாரு இருக்கா? ஜுலைகா வீட்ல எனக்குன்னே தனிச் சட்டி, தனித் தட்டு, தனி டம்ளர், பிடியில செவப்பு நூல் கெட்டி வச்சுருக்கா. வேற யாரும் தொடக்கூடாது. எவ்வளவு மரியாத பாரு! எங்க மைனிக்கு வருமா அந்தக் கொணம்?

ஆனா அந்த ஏட்டையாகிட்ட எனக்குப் பேச்சுவார்த்த கெடையாது. ஏன்னு கேளு. என் குடும்ப மானத்த வாங்குன ஆளு அவரு.

எனக்கு ஒரே பையன், தாணு. ஓசூர்ல வேல. முப்பத்தி நாலு வயசு. எந்தப் பொண்ணு போட்டோவக் காட்டுனாலும் தட்டிக் கழிச்சான். அம்பாசமுத்திரத்துல வடிவுன்னு ஒரு பொண்ணு. போட்டோவப் பாத்துட்டுக் குடுத்தவன், திரும்ப வாங்கி ஒருதரம் பாத்தான். அந்தத் திரும்ப வாங்குனது போதும்லா ஒரு தாய்க்கு! பொண்ணு பாக்கக் கெளம்பியாச்சு. கெளம்பும்போதே எங்க அவ்வொ கறாராச் சொல்லிட்டாவ: 'ஒன் சீக்கப் பத்தி மூச்சு விடப்படாது. பரம்பரைல வாரதுன்னு டாக்டர் சொல்லியிருக்கான். பையனுக்கும் வரும்னு பயந்து பொண்ணக் குடுக்க மாட்டாவ.'

வாஸ்தவந்தான. நானும் வாயத் தச்சுக்கிட்டுப் போனேன். ஆனா பொண்ணு பாக்குற வீட்ல என்ன வைப்பாவ? கேசரி, பஜ்ஜி. கேசரி எதுல கிண்டுவாவ? ரவைல. ரவை எது? கோதுமை. இது எனக்கு அந்தத் தட்டு மடிக்கு வந்த பெறவுதான் ஒறச்சிது. பஜ்ஜியக் கடல மாவுன்னு சமாளிக்கலாம்னா, அதுல பெருங்காயம்.

எங்கள்ல வழக்கம் என்னன்னா, பொண்ணு புடிச்சா பையனோட அம்மா இனிப்ப எடுத்து வாயில போடணும். புடிக்கலன்னா காப்பிய மட்டும் குடிச்சுட்டு, 'வீட்டுக்குப் போயிச் சொல்லி அனுப்புதோம்'னு எந்திரிச்சிரணும். யாரும் யார்ட்டயும் வேண்டாம்னு சொல்ல வேண்டியது இல்ல, கேசரியே சொல்லிரும். இப்ப என் நெலமய யோசி. தின்னா அவங்க வீட்டு முத்தத்துலயே விழுந்து கெடப்பேன். திங்கலன்னா பொண்ணு வேண்டாம்னு அர்த்தம். காரணத்தச் சொன்னா சம்பந்தம் போச்சு. என் பையனப் பாக்கேன், அவன் நெலவாசலயே பாத்துக்கிட்டு இருக்கான். பொண்ணோட அம்மா என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கா.

அந்நேரம் வடிவு காப்பித் தட்டோட வந்தா. எல்லாரு கண்ணும் அவ மேல. நான் முத்தத்துப் பக்கமா உக்காந்துருந்தேன். எனக்குப் பின்னால கைக்கு எட்டுற தூரத்துல துளசி மாடம். தாயே மன்னிச்சுக்கோன்னு அப்படியே தட்டக் கவுத்திட்டேன். முந்திரி, நெய், எல்லாம் துளசிக்கு. பெறவு வாயத் தொடச்சுக்கிட்டு, 'கேசரி பிரமாதம்'னேன். அவ அம்மா மூஞ்சி மலர்ந்துது பாரு! எனக்கே என்னப் பாத்துப் பெருமையா இருந்துது.

மறுநாக் காலைல அந்தம்மா துளசிக்குத் தண்ணி ஊத்தப் போயிருக்கா. எறும்பு படையெடுத்து நிக்கி.

போன் வந்துது. 'கேசரி புடிக்கலன்னா வச்சுட்டுப் போயிருக்கலாம். சாமி கும்புடுற எடத்துல கொட்டிட்டுப் பிரமாதம்னும் சொல்லிட்டுப் போற வீட்ல எங்க பொண்ணு வாழ முடியாது'ன்னுட்டாவ. நியாயந்தான? நானா இருந்தா வெளக்கமாத்தோட வந்துருப்பேன். தாணு சத்தம் போட்டாக்கூடத் தேவல. பையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு, 'விடும்மா, எனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்'னு சொல்லிட்டு ஓசூருக்கு வண்டி ஏறிட்டான். அன்னைக்கு நான் அழுத அழுக, குடல்ல துணுக்கு பிச்சப்பக்கூட அழல.

அந்த வெள்ளிக்கெழம கான்டீன்ல இத ஜுலைகாட்டயும் ஏட்டையாட்டயும் சொன்னேன். யார்ட்டயும் மூச்சு விடப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னேன். அந்த மனுசன் மீசையத் தொட்டுச் சத்தியம் பண்ணுனாரு. போலீஸ்காரன் சத்தியத்த நம்புனேன் பாரு, என்னச் சொல்லணும்.

மறுநாளே ரெண்டு பேரும் அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறிட்டாவ! வெள்ள வேட்டி சட்டதான் போட்டுருந்தாராம், ஆனாலும் அந்த நடையும் மீசையும் ஒளியுமா? பொண்ணோட அப்பா கதவத் தெறந்ததும் வெலங்கு மாட்டக் கைய நீட்டாத கொறதான். உள்ள போனதும் ஏட்டையா கேட்ட மொதக் கேள்வி, 'சம்பவம் நடந்த எடம் எது?' துளசி மாடத்தச் சுத்திப் பாத்துட்டுச் சொன்னாராம்: 'கொட்டுனது குத்தந்தான். ஆனா தின்னுருந்தா தற்கொல முயற்சி.' அப்புறம் என் சீக்கு, என் குடலு, என் கக்கூஸ், ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டாரு. ஜுலைகா அரிசி நொய்யில ஒரு கேசரி கிண்டிக் கொண்டு போயிருக்கா. 'எங்க அக்காவுக்கு இந்தக் கேசரியக் குடுத்துப் பாருங்க, சட்டியோட தின்னுருவாவ'ன்னு நடு வீட்ல வச்சுருக்கா.

அதோட வந்துருக்கலாம்லா? பழக்க தோசம், கெளம்பும்போது திரும்பி நின்னு, 'எங்க தரப்பு மறைச்சதச் சொல்லிட்டோம். நீங்க என்ன மறைச்சீங்க?'ன்னு கேட்டுருக்காரு. சும்மா கேட்டது. அந்த அப்பா ஒடனே, 'பொண்ணுக்குத் தைராய்டு இருக்கு ஏட்டையா, தெனம் மாத்திரை போடுதா'ன்னுட்டாரு. அவ அம்மா, 'எனக்கு மேல்வரிசப் பல்லு செட்டு'ன்னு எடுத்தே காட்டிட்டா. பொண்ணோட சித்தப்பா ஒருத்தரு பாவம் சும்மா நின்னவரு, ரகசியமாக் காசு வச்சுச் சீட்டு ஆடுறதையும் ஒத்துக்கிட்டாரு. ஒரு அடி கூட அடிக்கல கேட்டியா.

எங்க அவ்வொளுக்கு விசயம் தெரிஞ்சு மூணு நாளு சாமி ஆடுனாவ. நானுந்தான். யாரக் கேட்டுப் போனாவ? என் குடல எடுத்து அம்பாசமுத்திரத்துல கொடி கெட்டித் தொங்கப் போட யாரு அதிகாரம் குடுத்தா?

நாலாம் நாளு ஒரு போன். வடிவுதான் பேசுதா, அவளா. 'அத்தை, நீங்க கொட்டும்போதே நான் பாத்துட்டேன்'ன்னா. 'என்னப் பாக்க வந்தவங்க எல்லாரும் கேசரிய வழிச்சுத் தின்னுட்டு வேண்டாம்னு சொன்னவங்கதான். கொட்டிட்டு வேணும்னு சொன்னது நீங்க ஒருத்திதான் அத்தை. வீட்ல ரெண்டு அடுப்பு வச்சுக்கிட்டாப் போச்சு'ன்னா.

தை மாசம் கலியாணம். சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளைட்ட நானே நின்னு, தூளு ஆகாது, கலப்பில்லாத கட்டிப் பெருங்காயந்தான்னு கெடுபிடி பண்ணிட்டேன். மறுவீட்டுக்குச் சொதிச் சாப்பாடு. தேங்காப் பால், இஞ்சித் தொவையல், ஒரு பொட்டுக் கோதும கெடையாது. சம்பந்திப் பந்தில எனக்கு ஒரு பக்கம் ஜுலைகா, மறுபக்கம் ஏட்டையா. மைனி எல போட வந்தவ குனிஞ்சு கேக்கா, 'பிரமு, இவங்க நமக்கு என்ன முறை?' நாலு பேரு காதத் தீட்டிக்கிட்டு நிக்காவ. பெருங்காயம் வழிச் சொந்தம்னேன். மைனி எங்க மூணு பேருக்கும் எல போட்டா.

இன்னும் ஏட்டையாகிட்ட நான் பேசுறது இல்ல. சொல்லணும்னா ஜுலைகாட்டச் சொல்லுவேன், அவ பக்கத்துல இருக்குற அவருட்டச் சொல்லுவா. தப்புன்னா தப்புத்தான். இந்தத் தூக்குவாளியா? நொய் உப்புமா. அவருக்குத்தான். பேசலன்னா பட்டினியாவா போட முடியும்?

இந்தா, கோவில்பட்டி வந்துட்டு. இரு, கடலமுட்டாய் வாங்குதேன். வெல்லமும் கடலையுந்தான், நம்ம மாதிரி ஆளுகளுக்குச் சாமி குடுத்த வரம்.

ம், புடி. என்ன பாக்க? ஆமா, நம்மன்னுதான் சொன்னேன். அந்த ஆஸ்பத்திரி மஞ்சக் கவரு என் பீரோவுக்குள்ளயும் ஒரு கட்டு இருக்கு, எனக்குத் தெரியாதா? ஏறுனதுல இருந்து எனக்கு பிஸ்கட்ட நீட்டுதியே, நீ ஒண்ணு வாயில வச்சியா? முடி வேற இப்படிக் கொட்டியிருக்கு. என்னது? போன்ல பாத்து நீயே ஒரு வாரமா கோதுமய நிறுத்திட்டியா? அட கோட்டி! டெஸ்ட் முடியுற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நிறுத்திட்டா குடலு யோக்கியன் மாதிரி நடிச்சிரும், ஒண்ணும் தெரியாது. எங்க வெள்ளிக்கெழமக் கூட்டத்துலயும் ஒருத்தி ஒன்ன மாதிரி முந்திரிக்கொட்டையா நிறுத்திட்டுப் போயி, திரும்ப ரொட்டி தின்னுட்டு வரச் சொல்லி அனுப்புனாவ. டாக்டருட்ட மொத வேலையா இதச் சொல்லு.

அழாத. ஏம்மா, அழாத. சீக்கு இருக்கோ இல்லையோ, டாக்டரப் பாத்துட்டு நேரா கீழ கான்டீனுக்கு வா. இன்னைக்கு மொத வெள்ளிக்கெழமதான். மீசைக்காரரு ஒருத்தரு ஒன்னப் பாத்ததும், 'சாம்பாரக் கீழ போடு'ன்னு கத்துவாரு. பயந்துராத. இந்தப் பொண்ணுக்கு இன்னும் டெஸ்ட் முடியல, சாம்பார் குடிக்கலாம்னு நீயே அவருட்டச் சொல்லிரு, நான்தான் பேசுறது இல்லல்லா.

இப்ப அந்த பிஸ்கட் பொட்டணத்தப் பிரி. ஒண்ணு எடு. அவசரப்படாம மெல்லு. நான் பிஸ்கட் தின்னு வருசமாச்சு, ருசியே மறந்து போச்சு. எப்படி இருக்குன்னு சொல்லு.